முழுமைபெறாத தோம்பும் அம்மா கீறிய வீடும்

ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்கப்பட்டபோது நான் தயங்கினேன். நான் ஓவியம் கற்றவள் அல்ல. தையல் படிப்பிப்பவள். துணியில் அளவு கீறத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனாலும் ஒரு ஓவியரின் புத்தகம் எங்கள் வீட்டுக்குள் வந்து, எழுபத்து நான்கு வயதான என் அம்மாவின் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓவியரை நேரில் கண்டு எழுதும் பேட்டி அல்ல இது. அவருடைய ஆக்கங்களைப் பார்த்த ஒரு சாதாரணப் பெண்ணின் அனுபவம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓவியரின் பெயர் தாமோதரம்பிள்ளை சனாதனன். 1969ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். புதுதில்லியில் ஓவியம் கற்றுத் திரும்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறை ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய ‘தி இன்கொம்பிளீற் தோம்பு’ என்னும் புத்தகம் 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘முழுமைபெறாத தோம்பு’ என்று நாம் சொல்லலாம். 2013ஆம் ஆண்டில் ஒரு நாள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் அக்காவின் மகள் அதை இரவல் வாங்கி வந்தாள்.

அம்மா அதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, “உதென்னடி பிள்ளை, ஆற்றை பைல்? கச்சேரியில இருந்தோ கொண்டு வந்தனீ?” என்று கேட்டார்.

அம்மா அப்படிக் கேட்டதில் பிழை இல்லை. அந்தப் புத்தகம் வேண்டுமென்றே அரச அலுவலகக் கோவையின் சாயலில் ஆக்கப்பட்டது.

தோம்பு என்றால் என்ன?

தோம்பு என்பது காணிப் பதிவேடு. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி, பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியில் விரிவாக எழுதப்பட்டது. யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசம் இருந்தது. யாருக்கு எந்தக் காணி, எவ்வளவு, அதில் என்ன மரம் என்பதெல்லாம் நிலத்தோம்பில் எழுதப்படும். குடும்பத்து ஆட்களின் பெயர்கள் தலைத்தோம்பில் எழுதப்படும். வரி வாங்குவதற்காக ஆட்சியாளர் எழுதிய கணக்கு அது.

சனாதனன் எழுதிய தோம்பு வேறு விதமானது. ஆட்சியாளரின் கணக்கில் இல்லாமற் போன வீடுகளை, அந்த வீடுகளில் இருந்தவர்களைக் கொண்டே பதிவு செய்திருக்கிறார். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் சென்று, “நீங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தாருங்கள்” என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்த எண்பது வீடுகள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன.

‘முழுமைபெறாத’ என்ற சொல்லை அவர் ஏன் வைத்தார் என்று நான் யோசித்தேன். எண்பது வீட்டோடு எங்கள் கணக்கு முடியுமா? என் ஒழுங்கையில் மட்டும் பதினேழு வீடுகள். அவற்றில் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஒரு வீடு, மூன்று கைகள்

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வீடும் மூன்று விதமாக வருகிறது.

முதலாவது, வீட்டுக்காரர் தன் கையால் கீறியது. கோடுகள் கோணல்மாணலாக இருக்கும். ஓர் அறை பெரிதாகவும் இன்னொன்று தீப்பெட்டி போலவும் இருக்கும். அளவுகோல் வைத்துக் கீறிப் பழகாதவர்களின் கை அது.

இரண்டாவது, அதே வீட்டைக் கட்டடக்கலைஞர் ஒருவர் நேர்கோடுகளால் முறைப்படி வரைந்தது. இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்கு மேசனிடம் கொடுக்கும் ‘பிளான்’ போல அது இருக்கிறது. ஆனால் இல்லாமற் போன வீட்டுக்கு வரைந்த பிளான் அது.

மூன்றாவது, அந்த வீட்டின் கதையை உள்வாங்கி ஓவியர் வரைந்த ஓவியம். இது உலர் பஸ்ரலால் வரையப்பட்டது.

உலர் பஸ்ரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தீட்டும் பஸ்ரலில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். ஆகவே அது தாளில் ஒட்டிக்கொள்ளும். உலர் பஸ்ரல் அப்படியல்ல. நிறத்தூளை மிகக் கொஞ்சப் பிசினோடு குழைத்து, குச்சியாக்கி, காயவைத்துச் செய்வது. தாளில் தேய்த்தால் தூளாகவே படியும். விரலால் தடவி ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் கரைக்கலாம். தட்டினால் தூள் கொட்டும். கை பட்டால் அழியும். இதனால் அதன் மேல் ஒரு திரவத்தை விசிறிப் பிடிக்கவைப்பார்கள், அல்லது கண்ணாடி போட்டுச் சட்டமிடுவார்கள். கவனமாக வைத்தால் அதன் நிறம் நீண்ட காலம் இருக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாளில் போய்விடும். எங்கள் ஞாபகங்களும் இப்படியானவைதான் என்று எனக்குப் பட்டது. ஓவியர் இதை நினைத்துத்தான் உலர் பஸ்ரலை எடுத்தாரோ தெரியாது. பார்த்த எனக்கு அப்படித் தோன்றியது.

இந்த மூன்றில் எது சரி, எது பிழை என்று புத்தகம் எங்கும் சொல்லவில்லை. கட்டடக்கலைஞரின் நேர்கோடு வந்துவிட்டது என்பதற்காகக் கோணல் கோட்டை எடுத்துவிடவும் இல்லை. இவரது கலை நோக்கின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் வாழ்ந்தவர் கீறிய கோடும், படித்தவர் கீறிய கோடும், ஓவியர் கீறிய கோடும் அடுத்தடுத்து ஒரே மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கின்றன.

அம்மா கீறிய வீடு

அன்று இரவு அம்மா என்னிடம் ஒரு பழைய கொப்பியின் நடுத்தாளும் பென்சிலும் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அங்கிருந்து வெளிக்கிட்டோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்து, ஆட்டையும் அயல்வீட்டு ஆச்சியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம். ஆச்சி அடுத்த நாளே வெளிக்கிட்டுவிட்டார் என்பது பிறகுதான் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். அம்மாவின் சீதன உறுதி இருந்த தகரப்பெட்டி அந்த நடையில்தான் தொலைந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுவது. தேசவழமைச் சட்டத்தில் இதற்கெல்லாம் இடமுண்டு. அந்த வழமைகளை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டு எழுத்தில் தொகுப்பித்தனர். ஆகவே வீடு போவது என்பது எங்கள் பெண்களுக்குத் தாய் கொடுத்தது போவது. மகளுக்குக் கொடுக்க இருந்ததும் அதோடு போய்விடுகிறது.

அம்மா குசினியிலிருந்து தொடங்கினார். அடுப்புத் திட்டு, அம்மி, புகைக்கூடு, பின்கதவு. பிறகு கிணற்றடி, துலா, துவைக்கிற கல், கமுகு ஐந்து. பிறகு கோடிப்பக்கத்து முருங்கை. இதற்குள்ளேயே தாளில் பாதி முடிந்துவிட்டது. மிச்ச இடத்தில்தான் விறாந்தை, சாமியறை, ஐயா சாய்மனைக்கதிரை போட்டிருந்த மண்டபம் எல்லாம் நெருக்கிக்கொண்டு வந்தன.

“அம்மா, மண்டபம்தானே பெரிசு. குசினியைவிடச் சின்னனாக் கீறியிருக்கிறியள்” என்றேன்.

“எனக்கு அவ்வளவுதான் பெரிசு” என்றார் அம்மா. “நான் மண்டபத்தில எத்தினை நாள் இருந்தனான் சொல்லு பாப்பம்?”

அதற்கு நான் என்ன சொல்ல?

காட்சிப்படுத்தும் முறை

சனாதனன் தன் ஆக்கங்களைக் காட்சிப்படுத்தும் முறையையும் நாம் கவனிக்க வேண்டும். ஓவியம் என்றால் சுவரில் தொங்கும், நாம் கையைக் கட்டிக்கொண்டு தூர நின்று பார்ப்போம் என்பதுதான் எம்மில் பலரது எண்ணம். இவரது ஆக்கங்கள் பெரும்பாலும் நாம் ஏற்கனவே கையாண்டு பழகிய பொருள்களின் வடிவில் வருகின்றன.

தோம்பு ஒரு கோவையாக வந்தது. எம் வாழ்க்கையில் எத்தனை கோவைகள்! இடம்பெயர்ந்தோர் பதிவு, நிவாரண அட்டை, காணாமற் போனோர் விண்ணப்பம், வீட்டுத்திட்டப் படிவம் என்று, ஒவ்வொன்றிலும் அதே பெயரையும் அதே முகவரியையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எந்தக் கோவையிலாவது உங்கள் வீட்டு முருங்கை மரத்துக்கு ஒரு கட்டம் இருந்ததா? அந்த இடத்தைத்தான் இந்தக் கோவை நிரப்புகிறது.

2004ஆம் ஆண்டு, சமாதானப் பேச்சுக் காலத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அவர் ஒரு காட்சியை அமைத்தார். ‘வரலாறுகளின் வரலாறு’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். குடாநாட்டு மக்களின் வீடுகளிலிருந்து சேர்த்த சாதாரணப் பொருள்கள் அதில் வைக்கப்பட்டன. அந்த நூலகம் 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இடத்தில், சனங்கள் தந்த பொருள்களையே வாசிக்க வேண்டிய நூல்கள் போல அவர் வைத்தார்.

2010ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவரில் உள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில், புலம்பெயர்ந்த தமிழர்கள் தம் வீட்டின் ஞாபகமாகத் தந்த பொருள்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டுக் காட்சிப்படுத்தினார். 2016ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்த கொச்சி-முசிறிஸ் கலைக்காட்சியில் அவர் வைத்தது நூலக அட்டைகள் வைக்கும் இழுப்பறைப் பெட்டி. பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்மவர் எப்படிச் சமாளித்தனர் என்ற கதைகள் அதன் அட்டைகளில் இருந்தன. பார்க்க வருபவர் இழுப்பறையைத் தன் கையால் திறந்து வாசிக்க வேண்டும்.

தடைக்காலம் என்றதும் உங்களுக்கும் எத்தனையோ ஞாபகம் வரும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சொட்டையும் வீணாக்காமல் எரித்த விளக்கு. பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலிச் செய்தி. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து தோய்த்த உடுப்பு. இவற்றை நாம் கஷ்டம் என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். இது எங்களின் கெட்டித்தனம், எங்களின் கண்டுபிடிப்பு என்று ஓர் ஓவியர் அதைப் பெட்டியில் பக்குவமாக அடுக்கி வைத்திருக்கிறார்.

அவர் தனியாக இருந்து மட்டும் வேலை செய்பவரும் அல்ல. 2005 முதல் 2007 வரை அவரும், முகனட் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய மூவரும் தபால் மூலம் ஒருவருக்கொருவர் ஓவியம் அனுப்பினார்கள். ஒருவர் வரைந்ததைப் பார்த்து மற்றவர் வரைந்து பதில் அனுப்புவார். அதற்கிடையில் 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணம் மீண்டும் தனித்துப் போனது. ஆனாலும் அந்த முயற்சி நின்றுவிடவில்லை. அப்படிச் சேர்ந்த 208 ஓவியங்களும் 2008இல் புத்தகமாயின.

தையல் வகுப்பில் ஒரு கேள்வி

அந்த நாட்களில் நான் கிழமைக்கு இரண்டு நாள் கிளிநொச்சிக்குப் போய்த் தையல் வகுப்பு நடத்தி வந்தேன். அம்மா கீறிய தாளையும் புத்தகத்தையும் ஒரு நாள் அங்கே கொண்டுபோனேன். பதினொரு பெண்கள் இருந்தார்கள். விரும்பினால் நீங்களும் கீறுங்கள் என்றேன்.

ஒருவர் உடனே எழுந்து, “ரீச்சர், எங்கட கதையை வாங்கிக்கொண்டு போய்ப் புத்தகமாப் போட்டு வெளிநாட்டில காட்டுவினம். எங்களுக்கு அதில என்ன வரப்போகுது? வீடு வருமோ?” என்று கேட்டார்.

எனக்கு அன்று பதில் வரவில்லை. இன்றும் முழுப் பதில் என்னிடம் இல்லை. வீடு வராது என்பதுதான் உண்மை. கதை கேட்க வந்தவர்கள் பலர், திரும்பி வந்தவர்கள் சிலர் என்பதும் உண்மை. அவரவர் கையால் கீறிய கோட்டை மாற்றாமல் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் காட்டினேன். அவர் புத்தகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். எங்கள் வகுப்பில் கீறிய தாள்களை ஒருவரிடமும் கொடுப்பதில்லை, கீறியவரே கொண்டுபோவது என்று அன்றே முடிவெடுத்தோம்.

இன்னொரு சகோதரி கீற மறுத்துவிட்டார். “கீறினால் அந்த அறை வரும் ரீச்சர். நான் அந்த அறைக்குள்ள போகமாட்டன்” என்றார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அவர் மற்றவர்களுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார்.

மலையகத்தில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்த ஒரு அம்மா இருந்தார். “எனக்குச் சொந்த வீடுன்னு ஒண்ணு இருந்ததில்லையே, நான் எதக் கீறுறது?” என்று கேட்டார். பிறகு, 2009இல் மெனிக்பாமில் தான் இருந்த தறப்பாள் கூடாரத்தைக் கீறினார். நாலு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம். அதற்குள் எட்டுப் பேர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள் என்று எட்டுக் கோடுகள். வாசலில் ஒரு சிறிய வட்டம். “இது என்னம்மா?” என்றேன். “கத்தரிக் கன்னு” என்றார்.

எங்கள் எல்லோருடைய படங்களிலும் எனக்கு மறக்க முடியாத படம் அதுதான்.

கிணற்றிலிருந்து பதினெட்டு எட்டு

2017ஆம் ஆண்டு எங்கள் ஒழுங்கைப் பக்கம் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு வருடங்களுக்குப் பின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒழுங்கை இல்லை. வேலி இல்லை. வீடுகள் இடித்து மட்டமாக்கப்பட்டு, மேலே பற்றை வளர்ந்து கிடந்தது. எது யாருடைய வளவு என்று ஊராருக்கே தெரியவில்லை. கிணறுகள் மட்டும் இருந்தன, அவையும் பாதி தூர்ந்தபடி.

அம்மா ஒவ்வொரு கிணறாகப் பார்த்து, ஒன்றின் கட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கட்டின் ஒரு பக்கம் கயிறு உரசித் தேய்ந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “இதுதான்” என்றார். நான் பையிலிருந்து அந்தக் கொப்பித் தாளை எடுத்தேன். கிணற்றுக்கும் குசினிப் பின்கதவுக்கும் இடையில் ‘18’ என்று அம்மா எழுதியிருந்தார். குடம் சுமந்த எட்டுக் கணக்கு.

அம்மாவால் இப்போது அந்த எட்டு வைக்க முடியாது. நான் நடந்தேன். பதினெட்டாவது எட்டில் தம்பி மண்ணைக் கிண்டினான். அரை அடிக்குக் கீழே சிவப்புச் சீமெந்து. எங்கள் குசினி நிலம்.

பின்னர் நில அளவையாளர் வந்து அளந்தபோது, மண்டபம் குசினியைவிட இரண்டு மடங்கு பெரிது என்று அத்திவாரத்திலிருந்து தெரிந்தது. அவருடைய அளவு சரி. அம்மாவின் பதினெட்டு எட்டும் சரி. சனாதனனின் புத்தகத்தில் இரண்டு கோடுகளும் அடுத்தடுத்து இருந்ததன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

நீங்களும் கீறலாம்

சகோதரிகளே, இதற்கு ஓவியம் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்களுக்கு நன்றாக ஞாபகமுள்ள இடத்திலிருந்து தொடங்குங்கள். அது வாசலாக இருக்க வேண்டியதில்லை. தூரத்தை எட்டுக் கணக்கில் எழுதுங்கள். மரங்களையும் கிணற்றையும் குறியுங்கள். நாலு பக்கத்து எல்லையிலும் யார் இருந்தார்கள் என்று பெயர் எழுதுங்கள். காணி உறுதியிலும் அப்படித்தான் எழுதுவார்கள். கீறிய திகதியைப் போட்டு, பிள்ளைகளுக்குக் காட்டி, பத்திரமாக வையுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படம் உறுதிக்கு ஈடாகாது. உறுதி தொலைந்தவர்கள், அது பதிவு செய்யப்பட்டிருந்தால், காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அம்மாவின் உறுதியையும் அப்படித்தான் எடுத்தோம். அதில் பரப்பும் குழியும் எல்லைகளும் கிணற்றுப் பங்கும் ஒழுங்காக இருக்கின்றன. முருங்கை மரம் இல்லை. அது அம்மாவின் தாளில் இருக்கிறது.

மனம் தாங்காது என்று நினைப்பவர்கள் கீற வேண்டாம். பென்சில் சீவிக் கொடுப்பதும் ஒரு வேலைதான்.

இப்போது இரண்டு தாள்களையும் ஒரே பைலில் வைத்திருக்கிறோம். வீடு இன்னும் கட்டி முடியவில்லை. வீட்டுத்திட்டக் காசுக்கு இரண்டு அறையும் ஒரு குசினியும்தான் வரும் என்று மேசன் சொன்னார். குசினியைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறோம்.